பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை

கிணற்று மேட்டில் மோட்டார் போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். சுவிட்சைத் தொடும் முன் பம்பின் தலையில் இருக்கும் புனலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகினால், சாணியைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. ஊற்றாமல் போட்டால் மோட்டார் ஓடும், பம்ப் சுற்றும், சத்தமெல்லாம் வரும். தண்ணீர் மட்டும் எடுக்காது. தண்ணீர் எடுக்கத்தான் பம்ப் வாங்கினோம். அதற்கே முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

தொழிற்சாலைப் பக்கம் போனால் இதைவிட விசித்திரமான ஒன்றைப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய பம்பின் டெலிவரி வால்வை ஆபரேட்டர் மெல்ல மூடுகிறார். வழி அடைபடுகிறது, மோட்டார் திணறப்போகிறது, கரண்ட் எகிறப்போகிறது என்று நாம் நினைப்போம். ஆம்பியர் மீட்டரின் முள்ளோ இறங்குகிறது.

இரண்டுக்கும் விடை தேட ஒரே கேள்வி போதும்: மோட்டார் கொடுக்கும் ஆற்றல் எங்கே போகிறது? பம்ப் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் 'செய்யாதே' பட்டியலில் முக்காலே மூன்று வீசம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

நூறு கிலோமீட்டர் வேகம்

ஒரு பம்பை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை பார்ப்போம். ஒரு ஆலையில் குளிர்விப்பு நீரைச் சுற்றவிடும் பம்ப் அது. மணிக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வல்லது. 25 குதிரைத்திறன் மோட்டார், நிமிடத்துக்கு 2,900 சுற்று. ஆலைகளில் இது நடுத்தர அளவுக்கும் கீழே.

கேசிங்கைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு சுழலும் பொருள்தான்: 19 சென்டிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர். வளைந்த தகடுகள் பொருத்திய ஒரு வட்டு. தண்ணீர் அதன் நடுவில் உள்ள ஓட்டை வழியே நுழைகிறது. அந்த இடத்துக்குக் கண் என்று பெயர். சுழற்சி அதை விளிம்புக்கு விரட்டுகிறது. விளிம்பிலிருந்து தெறிப்பதை நத்தை ஓடு போன்ற கேசிங் வாங்கி, வேகத்தைக் குறைத்து, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றி வெளியே அனுப்புகிறது. சுழலும் பொருள் நடுவிலிருந்து விலகி ஓடப் பார்ப்பதால் இதற்கு மையவிலக்கு பம்ப் என்று பெயர்.

விளிம்பின் வேகம் எவ்வளவு? நொடிக்கு ஏறத்தாழ 29 மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் சற்று மேல். காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொண்டு, அந்த வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிந்தால் 42 மீட்டர் போய்விட்டுத் திரும்பும். இம்பெல்லருக்குள் சுழலும்போதே தண்ணீரின் அழுத்தமும் கூடுவதால் பம்பின் கணக்கு அதற்கும் மேலே போகவேண்டும். ஆனால் உராய்விலும் சுழிப்பிலும் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. மிச்சம், வால்வு மூடியிருக்கும்போது சுமார் 50 மீட்டர். தண்ணீர் ஓடும்போது 40.

எறிந்த பொருள் எவ்வளவு உயரம் போகும் என்பதை வேகம் தீர்மானிக்கிறது, எடை அல்ல. பெட்ரோலை ஊற்றினாலும் பாதரசத்தை ஊற்றினாலும் நம் பம்ப் தூக்கும் உயரம் அதே 50 மீட்டர்தான். காற்றை நிரப்பினாலும் 50 மீட்டர்தான். ஆனால் அது 50 மீட்டர் உயரக் காற்று. காற்று தண்ணீரைவிட எண்ணூறு மடங்குக்கும் மேல் லேசானது. 50 மீட்டர் காற்றின் கனத்தைத் தண்ணீரில் அளந்தால் ஆறு சென்டிமீட்டர் தேறும்.

குடத்துத் தண்ணீரின் ரகசியம் இவ்வளவே. காற்று நிரம்பிய பம்ப், முழு வேகத்தில் ஓடினாலும், கீழே இருக்கும் தண்ணீரை ஆறு சென்டிமீட்டர் உயர்த்தும் அளவுக்குத்தான் வெற்றிடம் உண்டாக்குகிறது. கிணறோ ஐந்து மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உள்ளே தண்ணீர் நிரம்பியிருந்தால்தான் அது வெளியே தெறித்து, பின்னால் உண்மையான வெற்றிடத்தை விட்டுச்செல்லும்.

தள்ளுவது யார்?

அந்த வெற்றிடமும் தண்ணீரை இழுப்பதில்லை. தண்ணீரைப் பிடித்து இழுக்க அதற்குக் கொக்கியா இருக்கிறது? கிணற்றின் நீர்மட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் வளிமண்டலம்தான், அழுத்தம் குறைந்த குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. உறிஞ்சு பம்பு ஓர் எல்லைக்கு மேல் நீரைத் தூக்காது என்பதை கலிலியோ 1638இல் வந்த தன் நூலில் எழுதினார். சில ஆண்டுகளில் அவருடைய சீடர் டாரிச்செல்லி பாதரசக் குழாயை வைத்து, அந்த எல்லை காற்றின் அழுத்தம்தான் என்று காட்டிவிட்டார். கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். உலகின் எந்தக் கம்பெனியின் பம்பாக இருந்தாலும், மேலே உட்கார்ந்து அதைவிட ஆழமான தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆழ்துளைக் கிணறுகளில் பம்பையே உள்ளே இறக்குவது இதனால்தான்.

நடைமுறையில் 10.3 மீட்டரும் கைக்கு வராது. அதை ஒரு வரவாக எழுதிக்கொண்டு செலவுகளைக் கழித்துப் பார்க்கலாம். 30 பாகை வெப்பத்தில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அரை மீட்டர். உறிஞ்சு குழாயின் உராய்வுக்கு ஒரு மீட்டர். இம்பெல்லரின் கண்ணில் தண்ணீர் திடீரென்று வேகமெடுக்கும்போது அழுத்தம் விழும். அதைச் சமாளிக்க நம் பம்புக்கு மூன்றரை மீட்டர் வேண்டும். கைகாவலாக அரை மீட்டர். மிஞ்சுவது ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பம்பை நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்பது அந்த மிச்சம்தான். பம்பின் கண்ணுக்கு வந்து சேரும் அழுத்தத்தில் ஆவியழுத்தத்தைக் கழித்தபின் கையில் நிற்பதை ஆலைகளில் என்.பி.எஸ்.எச். என்பார்கள். நாம் அதை உறிஞ்சு இருப்பு என்று வைத்துக்கொள்வோம்.

ஊட்டியில் ஒரு தேயிலை ஆலைக்கு இதே பம்பைக் கொண்டுபோனால் வரவே ஏறக்குறைய எட்டு மீட்டராகிவிடும். சமவெளியில் நன்றாக ஓடிய பம்ப் மலையில் மக்கர் செய்தால் பம்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வெந்நீர் இன்னும் மோசம். 80 பாகையில் ஆவியாகாமல் தடுக்கவே ஏறக்குறைய ஐந்து மீட்டர் செலவாகிறது. மிஞ்சுவது அரை மீட்டர் அளவுக்குத்தான். 100 பாகையை நெருங்கினால் கணக்கு கடனில் போய்விடும். அனல் மின் நிலையங்களில் கொதிகலனுக்குப் போகும் நீரைத் தாங்கும் டீஏரேட்டர் என்ற பெரிய உருளைத் தொட்டியைப் பல மீட்டர் உயரத்தில் ஏற்றி வைத்து, பம்பைத் தரையில் வைத்திருப்பார்கள். அவ்வளவு எடையை மேலே தூக்கி வைத்தது இந்தக் கடனை அடைக்கத்தான்.

கூழாங்கல் சத்தம்

இருப்பு தீர்ந்தால் என்ன ஆகும்? இம்பெல்லரின் கண்ணில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதிக்கிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதால் அதற்கு நெருப்பு தேவையில்லை. ஆவிக்குமிழிகள் பிறந்து, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அழுத்தம் கூடிய விளிம்புப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கே நொறுங்குகின்றன. நொறுங்கும் குமிழியின் சுவர்த் தண்ணீர் ஒரே புள்ளியில் மோதுகிறது. இதைக் குமிழ்ச்சிதைவு எனலாம்.

கப்பல்காரர்கள்தான் இதன் அடியை முதலில் வாங்கினார்கள். 1890களில் பிரிட்டனின் 'டேரிங்' என்ற போர்க்கப்பல் சோதனை ஓட்டத்தில் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. காரணம், உந்துவிசிறியைச் சுற்றி உண்டான குமிழிகள். ஒரு குமிழி நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்ற கணக்கை இயற்பியலாளர் ராலே 1917இல் வெளியிட்டார். எஃகையே அரிக்கும் அளவுக்கு அது போகும். குமிழ்ச்சிதைவில் நெடுநாள் ஓடிய இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் தகடுகளின் நுழைவுப் பக்கத்தில் கரையான் அரித்தது போலக் குழிகுழியாக இருக்கும்.

பழகிய ஆபரேட்டருக்கு இது காதிலேயே தெரிந்துவிடும். கேசிங்குக்குள் கூழாங்கற்கள் உருள்வதைப் போன்ற சத்தம். ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கேசிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பவர்களை எந்த ஆலையிலும் பார்க்கலாம். அப்போது செய்யக்கூடாத ஒன்று உண்டு: 'பம்ப் அதிகம் எடுக்கிறது' என்று நினைத்து உறிஞ்சு பக்கத்து வால்வைத் திருகிக் குறைப்பது. அது இருப்பிலிருந்தே மேலும் எடுப்பதாகும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் டெலிவரி வால்வைத்தான் தொட வேண்டும். உறிஞ்சு வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், வடிகட்டியில் குப்பை அடைத்திருக்கக் கூடாது.

மூடிய வால்வின் புதிர்

இனி ஆம்பியர் மீட்டருக்கு வருவோம். நம் பம்ப் முழு ஓட்டத்தில் இருக்கும்போது, இம்பெல்லரைச் சுழற்றும் தண்டுக்கு 14.5 கிலோவாட் போகிறது. நொடிக்கு 28 கிலோ தண்ணீரை நின்ற நிலையிலிருந்து பிடித்துச் சுழற்றி வெளியே எறிகிற கூலி அது. வால்வை மூடினால் எறிய வேண்டிய புதுத் தண்ணீர் வருவதில்லை. உள்ளே இருக்கும் அதே தண்ணீர் இம்பெல்லரோடு சேர்ந்து சும்மா சுற்றுகிறது. வேலை குறைந்ததால் கரண்டும் குறைகிறது. இவ்வகை பம்பை டெலிவரி வால்வை மூடி வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்வதன் காரணம் இதுதான். கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நேரத்தில் சுமையைக் குறைத்துக் கொடுப்பது நல்லது. (வெள்ளம் வடிக்கும் பெரிய விசிறி வகை பம்புகளில் கதை தலைகீழ். அவற்றை வால்வு மூடிப் போட்டால் மோட்டார் புகையும். பம்பின் வகை தெரியாமல் பழக்கத்தில் கை வைக்கக் கூடாது.)

இறங்கிய முள்ளைப் பார்த்து 'சுமை இல்லை, கொஞ்ச நேரம் இப்படியே ஓடட்டும்' என்று நினைப்பதுதான் ஆபத்து. முள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. நம் பம்பில் வால்வு மூடிய நிலையில் ஏழு கிலோவாட் இன்னும் தண்டு வழியே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். வெளியே எதுவும் போகவில்லை. அப்படியானால் அந்த ஏழும் எங்கே?

வெப்பமாகிறது. முழுவதும்.

கேசிங்குக்குள் ஏறத்தாழ பத்து லிட்டர் தண்ணீர். வீட்டு வாட்டர் ஹீட்டரில் இரண்டு கிலோவாட் இருக்கும். இங்கே மூன்றரை மடங்கு. தண்ணீரை மட்டும் கணக்கில் எடுத்தால் நிமிடத்துக்குப் பத்து பாகை ஏறும். கேசிங்கின் வார்ப்பிரும்பும் சேர்ந்து சூடாக வேண்டியிருப்பதால் ஆறு பாகை என்று வைத்துக்கொள்ளலாம். 30 பாகையில் தொடங்கினால் பன்னிரண்டு நிமிடத்தில் 100. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள்.

வால்வு திறந்திருந்தபோது இந்த வெப்பம் என்ன ஆனது? அப்போதும் உராய்வில் மூன்றரை கிலோவாட் வீணாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நொடிக்கு 28 கிலோ தண்ணீர் அதை வாரிக்கொண்டு போனது. தண்ணீரின் சூடு கூடியது ஒரு பாகையில் நூறில் மூன்று பங்கு. ஓட்டமே பம்பின் குளிர்சாதனம். ஆகவே வால்வை மூடிப் போட்டவர், வேகம் பிடித்ததும் பக்கத்திலேயே நின்று அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிட வேண்டும். ஓட்டம் அடிக்கடி குறையும் இடங்களில், டெலிவரியிலிருந்து தொட்டிக்கே திரும்பும் ஒரு சிறு குழாயைப் போட்டுவைப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏற்றிய தண்ணீரைத் திரும்ப ஊற்றும் தண்டச்செலவாகத் தோன்றும். கொதிகலன் பம்புகளின் உயிர் அந்தக் குழாயில்தான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் மூடினால்

டெலிவரி மட்டும் மூடியிருந்தால் சூடான தண்ணீர் விரிவதற்கும் ஆவி பின்வாங்குவதற்கும் உறிஞ்சு குழாய் இருக்கிறது. அதையும் மூடிவிட்டால் பம்ப் ஒரு மூடிய பாத்திரம். அதற்குள் அடுப்பு எரிகிறது.

இரண்டு வால்வையும் மூடி யார் பம்பை ஓட்டுவார்கள் என்று கேட்கலாம். நடப்பது இப்படி: பழுதுக்காக ஒரு பம்பின் இரு பக்கமும் மூடுகிறார்கள். பக்கத்தில் அதே நிறத்தில், அதே அளவில் அதன் ஜோடி நிற்கிறது. இருநூறு மீட்டர் தள்ளி, குளிரூட்டிய அறையில் திரையின் முன் இருப்பவர் ஜோடியை ஓட்டுவதாக நினைத்து இதன் பொத்தானை அழுத்துகிறார். அல்லது ஓடும் பம்ப் நின்றதும் காத்திருப்புப் பம்ப் தானாகக் கிளம்பும்படி அமைத்திருப்பார்கள். அது வால்வைப் பார்த்துக் கிளம்புவதில்லை. திரையில் கரண்ட் குறைவாக, சாதுவாகத் தெரியும்.

பெரும்பாலும் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் சீல் போய்விடும், அதன் வழியே ஆவி பீறிடும், பம்போடு சேதம் முடியும். சுரங்கக் கலங்கல் பம்புகளில் மண்ணும் கல்தூளும் அந்த வழியையும் அடைத்துவிடுவதுண்டு. அப்போது வெப்பம் 100 பாகையைத் தாண்டுகிறது. 180 பாகையில் ஆவியழுத்தம் வளிமண்டலத்தைப் போலப் பத்து மடங்கு. வார்ப்பிரும்பு எங்காவது விட்டால், உள்ளே இருக்கும் பத்து லிட்டரில் ஒன்றேகால், ஒன்றரை கிலோ அந்த நொடியே ஆவியாகி 2,000 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வெடிமருந்து எதுவும் இல்லாமல், வெறும் தண்ணீரில், கேசிங் துண்டுகள் பறந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. கேசிங்கிலோ சீல் அருகிலோ வெப்பமானி வைத்து, சூடு ஏறினால் மோட்டாரை நிறுத்தும்படி செய்வது இதற்குத்தான். கரண்ட் குறைந்தாலும் நிறுத்தும் ரிலே இன்னும் மலிவு. 'அதிகம்' என்றால் நிறுத்தும் கருவியை எல்லோரும் வைக்கிறார்கள். 'குறைவு' என்றால் நிறுத்துவதை வைக்கத்தான் யோசிக்கிறார்கள்.

நிறுத்துவதும் ஒரு வேலை

நம் பம்பின் டெலிவரி குழாயில் தண்ணீர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் நகர்கிறது. 300 மீட்டர் நீளக் குழாயில் ஐந்து டன்னுக்கும் மேல் தண்ணீர். அதைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்த அலை ஒன்று நொடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் குழாயில் முன்னும் பின்னும் ஓடும். அதன் உச்சம் 180 மீட்டர் நீருக்குச் சமம். 40 மீட்டர் பம்பின் குழாயில்! ரஷ்ய அறிவியலாளர் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898இல் இந்தக் கணக்கை வெளியிட்டார். வால்வை நிதானமாக மூடிவிட்டு மோட்டாரை நிறுத்தினால் அலைக்கு வேலையில்லை.

கரண்ட் போனால் அந்த நிதானம் கிடைக்காது. மேலே போன தண்ணீர் திரும்பும், என்.ஆர்.வி. என்று ஆலைகளில் சொல்லும் ஒருவழி வால்வு பழுதாகியிருந்தால் பம்ப் விசையாழியைப் போலப் பின்னோக்கிச் சுழலும். கரண்ட் வந்தவுடன் அந்தச் சுழற்சியின் மேலேயே ஸ்டார்ட் செய்தால் தண்டு முறியலாம். அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பின்னோக்கி என்றதும் ஒன்று: மும்முனை இணைப்பில் இரண்டு வயர் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும், ஆனால் தண்ணீர் அதே டெலிவரி வழியாகத்தான் வரும், குறைவாக. 'ரிப்பேருக்குப் பிறகு பம்ப் டல்லாக இருக்கிறது' என்ற புகாரின் பின்னால் பல இடங்களில் இதுதான் ஒளிந்திருக்கிறது. மறை போட்டு மாட்டிய இம்பெல்லராக இருந்தால் கழன்று கேசிங்கில் இடிக்கவும் செய்யும். கப்ளிங்கைக் கழற்றிவைத்து, ஒரு நொடி போட்டு நிறுத்தித் திசையைப் பார்த்துவிட வேண்டும்.

சொட்டுகிற பம்ப்

ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிற அதிகாரிகள் பம்ப் அறையில் தவறாமல் சொல்லும் குறை: 'இது ஒழுகுகிறதே!' தண்டு கேசிங்கை விட்டு வெளியே வரும் இடத்தில் கிளாண்டு கயிற்றை வளையமாகத் திணித்திருப்பார்கள். தண்டின் மேல் உரசும் அந்தக் கயிற்றுக்கு எண்ணெயும் குளிர்ச்சியும் அந்தச் சொட்டுத் தண்ணீர்தான். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழ வேண்டும். அதிகாரியின் திருப்திக்காக நட்டை இறுக்கினால் தரை காயும், கயிறு கருகும், தண்டின் உறையில் வரிவரியாகப் பள்ளம் விழும். பிறகு சொட்டு தாரையாகும். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்புகளில் சொட்டு தெரியாது, ஆனால் அங்கும் இரண்டு பளபளப்பான வளையங்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தாக வேண்டும். பம்பைத் தண்ணீரில்லாமல் சிறிது நேரம் ஓட்டினாலே போதும், அந்த வளையங்களைக் குப்பையில் போடலாம்.

பூட்டும் சீட்டும்

1988 ஜூலை 6 இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய்த் தளம். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றி, அந்த வாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடியிருந்தார்கள். இரவில் அதன் ஜோடி பம்ப் நின்றுபோனது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குப் பம்பின் பராமரிப்பு பற்றிய வேலை அனுமதிச் சீட்டு தெரியும். வால்வைக் கழற்றியது பற்றிய சீட்டு தெரியாது. பம்பை ஓட்டினார்கள். தகட்டின் ஓரமாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அது பிஸ்டன் வகை பம்ப்தான், நம்முடைய மையவிலக்கு வகை அல்ல. ஆனால் பிரபு கல்லன் விசாரித்து 1990இல் கொடுத்த அறிக்கையைப் படிக்கும்போது, பம்பின் வகை அங்கே பொருட்டாகவே இல்லை என்பது புரியும்.

பம்பில் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துவது எல்லோருக்கும் தெரியும். நிறுத்திய சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வதில்தான் சோம்பல் வருகிறது. மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. கடைசி ஆள் வெளியே வரும்வரை பம்ப் ஓடாது. பூட்டியபின் ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும், தவறான சுவிட்சைப் பூட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது, உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தம். இரு வால்வையும் மூடி, வடிகால் குழாயைத் திறப்பார்கள். ஒன்றும் வராவிட்டால் காலி என்று பொருளல்ல, துரு அடைத்திருக்கலாம். கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும், முகத்தை அந்த வாய்க்கு நேரே வைக்காமல். அழுத்தமானி பூஜ்யம் காட்டினாலும் அதன் மெல்லிய குழாயும் அடைத்திருக்கக்கூடும். ஆகவே அனுபவமுள்ள ஃபிட்டர் கேசிங்கின் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்ற மாட்டார். எல்லாவற்றையும் இரண்டு மறை மட்டும் தளர்த்துவார். அதிலும் தனக்கு எதிர்ப்பக்கம் உள்ள நட்டுகளை முதலில் தளர்த்தி, மூடியை நெம்பிவிட்டு, உள்ளே ஏதாவது மிச்சமிருந்தால் அது அந்தப் பக்கமாகப் பீறிட வழி விடுவார்.